அண்ணன் கூவிய சிக்னல்

போன மாதம் எங்கள் ஊர் ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் ஒரு சிறிய அரங்கில் டபிள்யூ.பி. வகை நீராவி எஞ்சினைப் பற்றிப் பேசினேன். கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். ரயில் வரலாறு என் பொழுதுபோக்கு. முதல் எஞ்சின்கள் அமெரிக்காவில் செய்யப்பட்டுக் கப்பலில் வந்தது, கூம்பு மூக்கில் நட்சத்திரத்தோடு மெயில் வண்டிகளை இழுத்தது, கடைசியில் டீசலுக்கும் மின்சாரத்துக்கும் வழிவிட்டுப் பாசஞ்சர் வண்டிகளோடு ஒதுங்கியது எல்லாவற்றையும் சொன்னேன்.

ஆனால் கைதட்டல் வாங்கியது வேறு விஷயம். அதில் டிரைவர் இடப்பக்கம் இருப்பார். வலப்பக்க வளைவில் நீண்ட பாய்லர் அவர் பார்வையை மறைத்துவிடும். எதிர்ப்பக்கம் நிற்கும், கரி அள்ளிப் போடும் ஃபயர்மேன்தான் சிக்னலைப் பார்த்துக் கூவ வேண்டும். டிரைவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால் அந்த வண்டியில் யாருக்கும் பாதுகாப்பில்லை என்றேன்.

அண்ணன் முன்வரிசையில் இருந்தார். சங்ககிரியிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தார். அந்த எஞ்சினில் ஃபயர்மேனாக இருந்தவர் அவர். நான் பேசியதில் பாதி அவரிடம் கேட்டது. மேடையில் அதைச் சொல்லவில்லை.

முடிந்ததும் அவரையும் இரண்டு நண்பர்களையும் என் காரில் ஏற்றிக்கொண்டேன். காரில் ஏறினால் அண்ணனுக்குச் சிக்னலைப் பார்த்துக் கூவாமல் இருக்க முடியாது. நாங்கள் இருவர் மட்டும் போகும்போது நான் பதில் சொல்வேன். அவர் முகம் மலர்ந்துவிடும்.

"சிவப்பு!" என்றார், சந்திப்பில் நின்றதும். காது மந்தம் என்பதால் குரல் பெரிது.

பின்னால் சிரிப்பு. "டிரைவர் சார், பதில் சொல்லுங்க, வண்டி கவுந்துறப் போகுது" என்றார் நண்பர்.

"சிவப்பு!" அண்ணன் என்னையே பார்த்தார்.

"இது எஞ்சின் இல்லீங்கண்ணா. சும்மா வாங்க!"

அவருக்குக் கேட்க வேண்டும் என்று கத்தித்தான் சொன்னேன். கேட்டுவிட்டது. "சரி சாமி" என்றார்.

நேற்று அவரைக் காது டாக்டரிடம் கூட்டிப்போனேன். வேறு யாரும் இல்லை. அதே சந்திப்பு, சிவப்பு விளக்கு. அவர் அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். உதடு அசையவில்லை. கொஞ்சம் காத்திருந்தேன்.

"சிவப்புங்கண்ணா" என்றேன். திரும்பவில்லை. அன்று கத்திய அதே குரலில் மறுபடி சொன்னேன்.

"தெரியுது சாமி," என்றார். "கார்தானே. நீ பாத்து ஓட்டு."