அவசரத் தடத்தில் இறங்கிய அம்மா

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் மலேசியாவில் நெடுஞ்சாலை ரோந்துப் பணியில் இருந்தேன். தீபாவளிக்கு முந்தின நாள் மத்தியானம், சிரம்பானுக்குச் சற்று முன்னால் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றிய லோரி கவிழ்ந்து சாலையை அடைத்துவிட்டது. ஓட்டுநர் உள்ளே சிக்கிக்கொண்டார். ஆம்புலன்ஸ் பின்னால் வந்துகொண்டிருந்தது. ஆனால் பொறுமையிழந்த கார்கள் சாலையோர அவசரத் தடத்திலும் ஏறி நின்றிருந்தன.

விசில் ஊதினேன், கையை ஆட்டினேன், கத்தினேன். யாரும் நகரவில்லை. "முன்னால வழி பண்ணு லா, எங்ககிட்ட ஏன் கத்துற?" என்றார் ஒருவர்.

நின்றிருந்த பேருந்திலிருந்து ஓர் அம்மா இறங்கி வந்தார். "என்னா தம்பி ஆச்சு?" என்று கேட்டார். சொன்னேன். உடனே ஒவ்வொரு கார் கண்ணாடியாகத் தட்டத் தொடங்கினார். "ஐயா, முன்னால ஒருத்தர் லோரியில மாட்டிக்கிட்டாரு. ஆம்புலன்ஸ் வருது, கொஞ்சம் ஒதுங்கிக்குங்க." தமிழ் தெரியாதவர்களிடம் அதையே மலாயில் சொன்னார். கார்கள் ஒவ்வொன்றாக உள்ளே ஒதுங்கின. ஆம்புலன்ஸ் போய்ச் சேர்ந்தது. ஓட்டுநரை உயிரோடு மீட்டார்கள்.

ஒரு தடம் திறந்ததும் பேருந்து அந்த அம்மாவை விட்டுவிட்டுப் போய்விட்டது. ரோந்து வண்டியில் அவரை அவர் ஊரான ராசா வரை கொண்டுபோய் விட்டேன்.

"நான் அவ்வளவு கத்தியும் நகரலியேம்மா, நீங்க சொன்னதும் எப்படி?" என்று வழியில் கேட்டேன்.

"நீங்க ஊதுனது எல்லாருக்கும் கேட்டுச்சு தம்பி. எதுக்கு ஊதுறீங்கன்னுதான் யாருக்கும் தெரியல."

அதன் பிறகு நெரிசல் என்றால் முதலில் கார்களிடம் நடந்துபோய்க் காரணத்தைச் சொல்வேன். எல்லாரும் கேட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். கேட்டவர்கள் மறுபேச்சில்லாமல் ஒதுங்கினார்கள்.