அக்கா ஒரே ஒருமுறை போட்ட ஓட்டு

அக்காவின் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களும் நண்பர்களும் முதலில் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் குடும்பத்தில் ஒழுங்காக எழுதத் தெரிந்தவர்கள் மூன்று பேர். மூவருமே பேனாவை எடுத்ததும் அழுதுவிட்டார்கள். அழுதுகொண்டே எழுதக்கூடியவன் இவன்தான் என்று அத்தான் என்னைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார். பத்தாம் வகுப்பில் நான் தமிழில் எடுத்த மதிப்பெண் அவருக்குத் தெரியாது.

அக்கா மன்னாருக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊரில் பிறந்தார். சண்டையில் அப்பா காணாமல் போன பிறகு அம்மாவும், பதினான்கு வயது அக்காவும், அக்காவின் இடுப்பில் நானுமாகப் படகேறினோம். படகில் நான் விடாமல் அழுதேனாம். ரோந்துக்காரர்களுக்குக் கேட்டுவிடுமே என்று எல்லோரும் பயந்தபோது, அக்கா சட்டை முனையில் சீனியைக் கட்டி என் வாயில் வைத்திருக்கிறார். அந்த அவசரத்தில் பாஸ்போர்ட் எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. ஆகையால் சட்டத்தின் கண்ணில் நாங்கள் மூவரும் அனுமதியின்றி நுழைந்தவர்கள்.

சிவகங்கை மாவட்டத்து முகாம் ஒன்றில் பத்துக்குப் பத்து அறை கிடைத்தது. இரண்டே வருடத்தில் அம்மா போய்விட்டார். அக்கா தையல் மிஷின் மிதித்து என்னைப் படிக்க வைத்தார். படிப்பு ஏறாததற்கு மிஷின் பொறுப்பல்ல.

அமராவதிபுதூர்ப் பக்கம் பைக் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த அத்தான் அக்காவைப் பெண் கேட்டு வந்தார். மாதா கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசித்தார்கள். தடை சொல்ல ஒருவரும் எழவில்லை. அக்காவை இந்த ஊர் ஏற்றுக்கொண்டது அப்படித்தான். அரசாங்கத்துக்குத்தான் அந்த ஓலை போய்ச் சேரவில்லை. இந்தியரைக் கட்டினாலும், இந்தியப் பிள்ளைகள் இரண்டைப் பெற்றாலும், அக்கா அந்நியராகவே இருந்தார்.

இனி எழுதப்போவது உங்களில் பலருக்குத் தெரியாதது.

ஒரு தேர்தலுக்கு முன்னால், வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க ஒரு கட்சிக்காரர் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். அத்தான் வெளியே போயிருந்தார். நான் இருந்தேன், அதுதான் வினை.

"வீட்ல பொம்பளையாளு பேரு விட்டுப்போச்சே. எந்த ஊர்ப் பிறப்பு?" என்றார்.

"காரைக்குடிதான், எழுதுங்க" என்றேன், பிரசவத்தின்போது பக்கத்தில் நின்றவன்போல.

அட்டை வந்தது. "இனி நீ இந்தியாக்காரி. மீன்குழம்பு வை" என்று அக்காவிடம் நீட்டினேன். அக்கா திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது சரிதானாடா?" என்று இரண்டு தரம் கேட்டார். "அரசாங்கமே குடுத்துருக்கு, அப்புறமென்ன" என்றேன். அந்தத் தேர்தலில் அக்கா ஓட்டுப் போட்டார். மை அழியும்வரை அந்த விரலை அடிக்கடி பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்து நான் என்னையே மெச்சிக்கொண்டேன்.

சில வருடம் கழித்துக் குடியுரிமைக்கு மனுப்போடப் போனபோது வக்கீல் தலையில் கை வைத்தார். அந்நியர் வாக்காளர் அட்டை வாங்கியது குற்றமாம். அடுப்பில் போட்டுவிடலாம் என்றேன். அக்கா கேட்கவில்லை. "பொய்யில வந்த சாமானை வச்சுக்கொண்டு எப்படி உண்மையா ஒண்டு கேட்கிறது?" என்று மனுவோடு அட்டையையும் கொண்டுபோய் அதிகாரியின் மேசையில் வைத்தார்.

"பிறந்த ஊரைப் பொய்யாச் சொன்னது யாரு?" என்றார் அதிகாரி.

"நான்தான் ஐயா" என்றார் அக்கா.

பின்னால்தான் நான் நின்றேன். பிறந்ததிலிருந்து நானாக வாயை மூடிக்கொண்டிருந்த ஒரே நேரம் அது. அதற்குப் பிறகு அந்த ஃபைல் நகரவே இல்லை.

குடியுரிமைச் சட்டத்தைப் பற்றிய சண்டை டிவியில் நடந்துகொண்டிருந்த நாட்களில், எதிர்வீட்டு மாரிமுத்து அண்ணன் ஒர்க்‌ஷாப்பில் உட்கார்ந்து, "வந்தவக பூராத்துக்கும் ஓட்டுக் குடுத்தா நாம எங்குட்டுப் போறது?" என்று முழங்கினார். அக்கா டீயோடு வந்து நின்றார். அண்ணன் முகம் கறுத்துப்போயிற்று.

"ஒங்களச் சொல்லல தங்கச்சி. நீங்க நம்ம ஊருல்ல?"

"என்னைத்தான் அண்ணே சொன்னீங்கள். வந்தவள் நான்தானே? குடியுங்கோ, ஆறுது."

அடுத்த வருடம் அக்காவுக்குக் கர்ப்பப்பையில் புற்றுநோய் என்றார்கள். அதற்குப் பிறகு எட்டு மாதம்தான் இருந்தார். மதுரை ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் காரை ஓட்டியவர் அதே மாரிமுத்து அண்ணன்தான். கடைசி வாரத்தில் அக்கா கேட்டார்: "பதில் வந்ததோடா?" வந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். ஊரெல்லாம் கதை அளக்கிறவனுக்கு அந்த ஒரு கதை வாயில் வரவில்லை. "இல்லக்கா" என்றேன். "சரி" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

அடக்கம் முடிந்த இருபதாம் நாள் கடிதம் வந்தது. மனுதாரர் விசாரணைக்கு நேரில் வர வேண்டுமாம். இறப்புச் சான்றிதழோடு நான் போனேன். குடியுரிமைப் பிரிவில் இருந்த அதிகாரியம்மா அதைப் படித்துவிட்டு, "பாவம், கொஞ்சம் முந்தி வந்திருக்கலாம்" என்றார். பிறகு ஃபைலை முடிக்கப் பேனாவை எடுத்தார்.

"நிராகரிச்சதா எழுதுவீகளாம்மா?"

"இல்ல. இறந்துட்டதால முடிக்கப்பட்டதுன்னுதான்."

"அப்ப இன்னொண்ணும் எழுதணும். பொய் சொன்னது அக்கா இல்ல, நானு."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஆளே இல்லாத ஃபைலு இது. நீங்க முகாமுதானே? ஒங்க குடியுரிமை மனுவும் இங்கனதான் கெடக்கு. யோசிச்சுப் பேசுங்க."

"யோசிச்சு யோசிச்சுத்தாம்மா இத்தன நாளாயிருச்சு."

ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினார். எழுதினேன், கையெழுத்துப் போட்டேன். அவர் அதை அக்காவின் மனுவுக்கு மேலே வைத்துக் கட்டினார்.

எட்டு மாதமும் கைத்தாங்கலாக நின்ற மாரிமுத்து அண்ணன் குடும்பத்துக்கும், இரத்தம் கொடுத்த முகாம் பிள்ளைகளுக்கும், குளிப்பாட்டித் தலைசீவிவிட்ட செவிலியர்களுக்கும், மழையிலும் கல்லறைவரை நடந்து வந்த ஊராருக்கும் எங்கள் நன்றி. துக்க வீட்டில் உங்களில் சிலர், "அவளே பொய் சொல்லிக் கெடுத்துக்கிட்டா" என்று மெதுவாகப் பேசியது என் காதில் விழுந்தது. கோபமில்லை. அந்தப் பொய்யைச் சொன்னவன் நான். அக்காவின் மனுவுக்கு மேலே வைத்த அந்தத் தாளைப்போலவே, நீங்கள் கேட்ட கதைக்கு மேலே இந்தத் தாளையும் வைத்துக்கொள்ளுங்கள். என் மனுவுக்கு என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும். வரட்டும். அக்கா பொய் சொல்லவில்லை.

அக்காவின் தம்பி