எல்லா விரலுக்கும் திறந்த பூட்டு

என் கணவர் வளைகுடா நாட்டுக்குப் படகு வேலைக்குப் போனபோது, பழவேற்காடு ஏரிக்கரையில் இருந்த கோட்டைக்குப்பத்து வீட்டில் நானும் அவருடைய அக்காவும் மட்டும் இருந்தோம். அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். நான் அனுப்பம்பட்டில் நெல் விளைவிக்கும் வீட்டில் பிறந்தவள். கல்யாணத்துக்குப் பிறகுதான் ஏரியோடு பழகினேன். மதியத்தில் ஏரியும் வானமும் ஒரே வெளுப்பாகிவிடும். தூரத்துப் படகுகள் தண்ணீரில் நிற்கின்றனவா காற்றில் தொங்குகின்றனவா என்று தெரியாது. பார்த்துக்கொண்டே இருந்தால் கண் சொக்கும்.

பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் என் கணவருடைய குரல் போனில் வந்து சேரும். அண்ணியிடம் பேசும்போது "நல்லாகீறேன்கா" என்பவர், எனக்குத் தனியாக அனுப்பும் குரல் பதிவுகளில் வேறு ஆளாக இருந்தார்.

"இங்க காத்து எங்கேர்ந்து வருதுன்னே புடிபடல. கண்ண மூடுனா ஏரி வந்து காதாண்ட நிக்குது. அக்காவாண்ட சொல்லிடாத. தாங்க மாட்டா."

சில பதிவுகளில் பேச்சே இருக்காது. மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்கும்.

அவற்றை யாரும் கேட்டுவிடக் கூடாது என்றுதான் போனுக்கு என் கட்டைவிரலால் பூட்டு வைத்தேன். பழவேற்காடு கடைத்தெருவில் ஒரு கடையில் போன் கண்ணாடிமேல் தடித்த உறை ஒன்று ஒட்டித் தந்திருந்தார்கள். அதன்மேல்தான் ரேகையைப் பதிந்தேன். விரல் வைத்ததும் திரைக்குள் ஒரு நீல வெளிச்சம் சுழன்று வழிவிடும். சீப்பும் தலையணையும்கூடப் பொதுவாக இருந்த அந்த வீட்டில், அது என்னை மட்டும் தெரிந்துவைத்திருந்தது எனக்குப் பிடித்திருந்தது.

ஒரு மதியம் வெளியே இறாலைக் காயப் பரப்பிக்கொண்டிருந்தேன். உள்ளே போன் அடித்து நின்றது. கை கழுவிவிட்டுப் போனேன். அண்ணி சுவரில் சாய்ந்து, போனைக் காதில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். அவர் தம்பியின் குரல், அந்த உடைந்த குரல், எனக்கும் கேட்டது.

"அவன் அழுவுறான்மே," என்றார்.

"இது எப்டி அண்ணி தொறந்துச்சு?"

"நான் இன்னா தொறக்கறது? தம்பி கூப்புடறான்னு எடுத்தேன். வெரல் பட்டுச்சு, தொறந்துகிச்சு. எதயோ அமுக்குனேன், பேசறான்."

நான் நம்பவில்லை. அண்ணி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி விரலை வைத்தார். திறந்தது. சுண்டுவிரலுக்கும் திறந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் இருவர் கையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். என் விரலில் சுழி இருந்தது. உப்பிலும் செதிலிலும் தேய்ந்த அவர் விரல் ஏறக்குறைய வழவழப்பாக இருந்தது. ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே பாயில் படுத்ததில் எங்கள் கைகள் கலந்துவிட்டனவோ என்று அந்த வெயில் மயக்கத்தில் எனக்குத் தோன்றியது. அப்படி நினைக்க இனிமையாகக்கூட இருந்தது.

அண்ணி விரலைப் பற்றிக் கவலைப்படவில்லை. "அத வுடு. எத்தினி நாளா இப்டி?" என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன்.

அன்று சாயங்காலமே அண்ணி அவரைக் கூப்பிட்டார். "கெளம்பி வாடா. ஏரில கெடைக்கறது போதும்," என்றார். அந்தப் பக்கமிருந்து "சரிக்கா," என்று மட்டும் வந்தது.

மறுநாள் இருவரும் அந்தக் கடைக்குப் போனோம். அங்கிருந்த பெண் தன் விரலை வைத்தாள். அவளுக்கும் திறந்தது.

"உறைய ஒட்டிட்டு அதுமேல பதிஞ்சிருக்கீங்கக்கா. போன் உங்க ரேகைய பாக்கல. உறைல இருக்கற கோட்டத்தான் பாத்து வச்சிருக்கு. யாரு வச்சாலும் உங்கள மாதிரியே தெரியும்."

மீன் ஏலம் விடும் இடத்திலும், பொன்னேரி பஸ்ஸிலும் எத்தனை முறை போனை அலட்சியமாக வைத்திருந்தேன் என்று எண்ணிப் பார்த்தேன். அவள் உறையை உரித்தாள். பழைய பதிவை அழித்து, வெறும் கண்ணாடியில் என் விரலைப் புதிதாகப் பதிந்தாள். அண்ணி வைத்துப் பார்த்தார். போன் ஒருமுறை அதிர்ந்து மறுத்தது.

"இப்ப என்னத் தெரியாதாம்," என்று சிரித்தார்.

நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனாலும் முந்தின நாள் ஜன்னலருகே பிடித்திருந்த கையை விட்டுவிட்டது போலவும் இருந்தது.

"இவங்க வெரலயும் சேக்கட்டுமா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"வேணாம்மா. அது புருசன் பொண்டாட்டி பேச்சு," என்று அண்ணி படியிறங்கிவிட்டார். அதன்பிறகு, அவர் கேட்கக்கூடிய பதிவுகளை நானே திறந்து போட்டுக் காட்டினேன். எல்லாவற்றையும் அல்ல.

முதலாளி விடுவிக்கத் தாமதமானது. மழை முடிந்து ஏரி நிரம்பியிருந்த ஒரு காலையில் என் கணவர் வந்தார். வீட்டுக்குள் நுழையவில்லை. பையை வாசலில் வைத்துவிட்டு, ஷூவோடு தண்ணீரில் இறங்கி முழங்கால் ஆழத்தில் நின்றார். அண்ணி பின்னாலேயே ஓடினார்.

"டேய், அத கழட்டிட்டாவது எறங்கு."

அவர் திரும்பவில்லை. நாங்கள் இருவரும் ஈரமண்ணில் உட்கார்ந்துகொண்டோம்.