சாரம் பிரிப்பதற்குள்

தண்டையார்பேட்டை லியாகத் அலிக்கு நிலையான முதலாளி என்று ஒருவர் இருந்ததே இல்லை. அவன் ஆர்கான் வெல்டர். பெரிய ஆலைகளை நிறுத்திப் பழுது பார்க்கும்போது வெளியிலிருந்து ஆள் எடுப்பார்கள். ‘ஷட்டவுன்’ என்று அதற்குப் பெயர். ஆலை மறுபடி ஓட ஆரம்பித்ததும் கேட் பாஸை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். மணலி, எண்ணூர், தூத்துக்குடி, கொச்சி என்று அப்படியே அவன் தலை நரைத்துவிட்டது.

ஆனால் ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் நடுவே அவன் வீட்டில் சும்மா உட்கார்ந்தது அபூர்வம். மற்ற வெல்டர்கள் டீக்கடை பெஞ்சில் போனைத் தடவிக்கொண்டிருக்கும்போது லியாகத் எங்காவது குழாய்க்கு அடியில் படுத்துக் கொண்டிருப்பான். எப்படி என்று கேட்டால் மறைக்காமல் சொல்வான்.

“சேர்ந்த ஒடனே தேடாத. ஓடுகாலின்னு பேரு வெச்சிருவானுங்கோ. கடைசியிலயும் தேடாத. அப்போ ஊர்ல கீற அத்தினி வெல்டரும் தேடிகினு இருப்பான். பாதி வேல முடியட்டும், அப்போ போன எடு. சாரம் பிரிக்க ஆரம்பிச்சிட்டானா, நீ லேட்டு.”

ராயபுரத்து டென்னிஸுக்கு இந்த சூத்திரம் மனப்பாடம். ஆனால் அவன் ஒரு நாளும் போனை எடுத்ததில்லை. அவனுக்காகவும் லியாகத்தான் தேடுவான். பெரிய குழாய்களை இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் இரண்டு பேர் பற்ற வைக்க வேண்டும். ஒரு பக்கம் லியாகத் என்றால் மறுபக்கம் டென்னிஸ். இருவர் கையும் ஒரே வேகத்தில் நகரும், நடுவில் வந்து சேரும். பற்ற வைத்த இடத்தை எக்ஸ்ரே எடுத்தால் குறை இருக்காது. “எங்கள சேர்த்துதான் எடுக்கணும்” என்று லியாகத் சூப்பர்வைசர்களிடம் சொல்வான். அவர்களும் எடுத்துக்கொள்வார்கள்.

அந்த வருஷம் மணலியில் ஒரு ஆலையில் இருவரும் இருந்தார்கள். வேலை பாதியைத் தாண்டியபோது, முன்பு கூட வேலை செய்த சுஃபியான் தூத்துக்குடியிலிருந்து கூப்பிட்டான். அங்கே ஒரு உர ஆலையில் இரண்டு வெல்டர் உடனே வேண்டும். அது முடிந்தால் நேராகக் கொச்சி. லியாகத் வருவதாகச் சொல்லிவிட்டு, கை கழுவும் குழாயடியில் டென்னிஸிடம் விஷயத்தைச் சொன்னான். டென்னிஸின் மனைவி ஷிஜி முழுகாமல் இருந்தாள். பேறு காலத்தில் கையில் வேலை இருக்கும் என்றதில் டென்னிஸுக்கு அப்படியொரு சந்தோஷம்.

குழாயடியில் பேசியது யார் காதிலோ விழுந்துவிட்டது. அன்று மத்தியானமே சூப்பர்வைசர் ஜெயவேல், கன்டெய்னர் பெட்டியில் அமைத்திருந்த தன் ஆபீசுக்கு லியாகத்தைக் கூப்பிட்டான். ஏசி காற்று முகத்தில் அறைந்தது. ஜெயவேல் டீ வரவழைத்துக் கொடுத்தான்.

“இன்னா பாய், தூத்துக்குடி காத்து அடிக்குதாமே?”

லியாகத் டீயை ஊதினான்.

“நீ போனா உன் பின்னாலயே அத்தினி பேரும் போவான். சொன்ன தேதிக்கு ஆலைய ஓட்டிக் காட்டலன்னா என் தலைதான் உருளும்.” ஜெயவேல் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான். “எண்ணூர்ல டேங்க் கட்ற வேல நம்ம கம்பெனிக்கு வந்துகீது. சின்ன வேல இல்ல, வருசக்கணக்குல ஓடும். அதுக்கு ஒரு ஃபோர்மேன் வேணும். இன்னும் எத்தினி நாளு பாய் கண்ண எரிச்சிகினு கெடப்ப?”

கண் என்று அவன் சொன்னது சரியான இடத்தில் தைத்தது. சில மாதங்களாகவே லியாகத்துக்கு வெளிச்சத்தைச் சுற்றி வளையம் தெரிய ஆரம்பித்திருந்தது. ராத்திரியானால் மனைவி ரஹீமுன்னிசா ஈரத்துணியைக் கண்ணில் போட்டுவிடுவாள். ஃபோர்மேன் என்றால் முகமூடி வேண்டாம். நெருப்பு வேண்டாம். தினமும் வீட்டுச் சோறு.

“டென்னிஸு?” என்றான் லியாகத்.

“டென்னிஸுக்கும் உண்டுன்னு சொல்லு. எல்லாருக்கும் உண்டுன்னு சொல்லு. நான் சொன்னா நம்ப மாட்டானுங்கோ, நீ சொன்னா நிப்பானுங்கோ.”

“நெஜமா உண்டா சார்?”

ஜெயவேல் சிரித்தான். “சொல்லுன்னுதான பாய் சொன்னேன்.”

லியாகத் டீயைக் குடித்து முடித்தான். எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, “எப்போ ஆரம்பிக்கிறாங்கோ?” என்று கேட்டான்.

சாப்பாட்டு ஷெட்டில் எல்லோரையும் வைத்துக்கொண்டே சொன்னான். எண்ணூரில் வேலை இருக்கிறது, யாரும் அவசரப்பட்டு வெளியே தேட வேண்டாம், சூப்பர்வைசர் வாக்கு கொடுத்திருக்கிறார் என்றான். இத்தனை வருஷம் தேடச் சொன்ன வாயே தேடாதே என்றதும் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பெட்டியைக் கட்டத் தயாராக இருந்தவர்கள் கூட நின்றுவிட்டார்கள்.

“அப்போ சுஃபியானுக்கு இன்னா பாய் சொல்றது?” என்றான் டென்னிஸ்.

“வரலன்னுதான்.”

“நீயே சொல்லிடேன். எனக்கு ஒரு மாதிரி கீது.”

லியாகத் அவன் எதிரிலேயே போனை எடுத்தான். சுஃபியானுக்குக் கோபம். “கடைசி நேரத்துல இப்பிடி சொல்றியே பாய். சரி, நீ வரலன்னா போவட்டும். டென்னிஸயாச்சும் அனுப்பு. அவன் வந்தா கொச்சிக்கும் சேர்த்துப் போட்டுக்குவாங்கோ.”

டென்னிஸ் கையெட்டும் தூரத்தில் ஹெல்மெட்டைத் துடைத்துக்கொண்டு நின்றான். போனில் சுஃபியான் பேசுவது அவனுக்குக் கேட்கவில்லை. டென்னிஸ் ஒருத்தன் கிளம்பினாலும் மற்றவர்களுக்கு மூக்கில் வேர்க்கும் என்று லியாகத்துக்குத் தெரியும். ஒருத்தன் போனால் நாலு பேர் போவான். அப்புறம் ஃபோர்மேன் வேலை ஏது?

“அவனும் வரல சுஃபியான்” என்று சொல்லி வைத்துவிட்டான்.

“இன்னா சொன்னான்?” என்று கேட்டான் டென்னிஸ்.

“ஒன்னியும் இல்ல. வேற ஆளு பாத்துக்குறானாம்.”

வேலை சொன்ன தேதிக்கு முடிந்தது. சாரக் குழாய்கள் தடதடவென்று இறங்கின. புகைபோக்கியின் உச்சியில் மறுபடி நெருப்பு எரிந்தது. கேட்டில் பாஸ்களை வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்த ஜெயவேல் எல்லோரிடமும் சிரித்த முகமாக, “போன ஆஃப் பண்ணிடாதீங்கோ” என்றான்.

எண்ணூர் வேலைக்கு வெல்டர்களை ஒரு ஏஜென்ட் வெளி மாநிலத்திலிருந்து பஸ்ஸில் கூட்டி வந்து இறக்கினான். மணலியிலிருந்து போனது லியாகத் ஒருத்தன் மட்டும். அவனுக்கு ஃபோர்மேனின் வெள்ளை ஹெல்மெட் கொடுத்தார்கள். டென்னிஸுக்காக அவன் ஜெயவேலிடம் ஒரே ஒரு தடவை கேட்டான்.

“உன் தோஸ்த எடுத்தா மத்தவனுங்கோ கேட்டாண்ட வந்து நிப்பானுங்கோ, பாய். அவ்ளோ பாசமா இருந்தா ஒன்னு பண்ணலாம். உன் ஹெல்மெட்ட அவனுக்குக் குடுத்துரு, நீ வூட்டுக்குப் போ. சரியா?”

லியாகத் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

டென்னிஸ் சாயங்காலங்களில் லியாகத்தின் வீட்டுக்கு வந்தான். இன்னும் இரும்புத் தகடு வந்து சேரவில்லை, இடத்தைப் பார்த்துக்கொள்ளத்தான் நான் போய் வருகிறேன், அடுத்த வாரம் கூப்பிடுவார்கள் என்று லியாகத் சொன்னான். அடுத்த வாரமும் அதையே சொன்னான். டென்னிஸ் தலையாட்டிவிட்டு ரஹீமுன்னிசா கொடுத்த டீயைக் குடித்துவிட்டுப் போவான். ஒரு தடவை வாசல் வரை போனவன் திரும்பி, “பாய், நான் வேற எங்கனா பாக்கட்டா?” என்று கேட்டான். வேண்டாம் என்று சொல்லவும் லியாகத்துக்கு வாய் வரவில்லை, பார் என்று சொல்லவும் வரவில்லை. “உன் இஷ்டம்” என்றான்.

அதற்குள் தூத்துக்குடியும் கொச்சியும் நிரம்பிவிட்டிருந்தன. தனக்கென்று வேலை தேடியே பழகாத டென்னிஸ், தெரிந்த நம்பர்களுக்கெல்லாம் போன் போட்டுப் பார்த்தான். கடைசியில் மணலி ரோட்டில் டேங்கர் லாரிகளைப் பழுது பார்க்கும் ஒரு ஷெட்டில் தினக்கூலிக்குப் போனான். ஆலைக்குள் இருந்தவரை காற்றில் எரியும் ஆவி இல்லை என்று சோதித்து அதிகாரி கையெழுத்துப் போடாமல் நெருப்பைக் கிட்டே கொண்டு போகாதவன் அவன். இங்கே சோதிக்கக் கருவியும் இல்லை, கையெழுத்துப் போட ஆளும் இல்லை. “கழுவியாச்சுப்பா, பத்த வை” என்றான் ஷெட்காரன். டேங்கரின் வயிற்றில் பெட்ரோல் ஆவி மிச்சம் இருந்தது. மூடி எகிறிப்போய் ஷெட்டின் கூரையைக் கிழித்தது. டென்னிஸ் பிழைத்தான். வலது கையில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள், மீதி விரல்கள் மடங்கவில்லை.

லியாகத் மனைவியோடு ஆஸ்பத்திரிக்குப் போனான். நிறைமாத வயிற்றோடு ஷிஜி கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அவனைப் பார்த்ததும் எழுந்து ஸ்டூலை அவனுக்குப் போட்டாள்.

“உன் பேச்சைக் கேட்டு இன்னும் கொஞ்ச நாளு பொறுத்திருக்கணும், பாய்” என்றான் டென்னிஸ். “நான்தான் அவசரப்பட்டுட்டேன்.”

லியாகத் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“அண்ணே” என்றாள் ஷிஜி. “எண்ணூர் வேலைய இவருக்காகக் கொஞ்சம் நிறுத்தி வைக்க முடியுமா? கை ஆறட்டும். வெல்டிங் இல்லேன்னாலும் கூடமாட வேற ஏதாவது செய்வாரு.”

“வெச்சிருக்கேம்மா” என்றான் லியாகத்.

திரும்பி வரும் வழியில் ஆட்டோ மேம்பாலம் ஏறும்போது, எல்லாம் தெரிந்த ரஹீமுன்னிசா கேட்டாள்.

“அவங்ககிட்ட ஏன் உண்மைய சொல்லல?”

“இந்த நேரத்துலயா சொல்லச் சொல்ற?”

“வேற எந்த நேரத்துல சொல்லியிருப்பீங்க?”

அன்றிலிருந்து அவள் அவன் கண்ணுக்கு ஈரத்துணி போடுவதை நிறுத்திவிட்டாள். அதற்கு இப்போது தேவையும் இல்லை.

ஒரு நாள் உச்சி வெயிலில் கேட்டிலிருந்து வாட்ச்மேன் லூர்து போன் செய்தார்.

“டென்னிஸுன்னு ஒர்த்தரு வந்துகீறாரு பாய். உள்ள அனுப்பட்டா?”

“நான் இல்லன்னு சொல்லு. வெளியில போயிருக்கேன்னு சொல்லு.”

போனை வைத்ததும் டேங்கைச் சுற்றி ஏறும் படிக்கட்டில் கால் தானாகவே நடந்தது. மேலேயிருந்து பார்த்தால் கேட் தெளிவாகத் தெரியும். சாம்பல் படிந்த ரோட்டில் லாரிகள் வரிசையாக நின்றன. அவற்றில் ஒன்றின் நிழலில், கட்டுப் போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு, இடது கையில் ஒரு பையோடு டென்னிஸ் நின்றான். இளைத்திருந்தான். லாரி நகர்ந்தபோது நிழலும் நகர்ந்துவிட்டது. அவன் அங்கேயே வெயிலில் நின்றான். சாப்பாட்டுச் சங்கு ஊதியது. அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, லூர்துவிடம் ஏதோ பேசிவிட்டு, பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தான். அவன் தலை மறைந்த பிறகுதான் லியாகத் இறங்கினான்.

லூர்து ஒரு ஸ்வீட் பெட்டியை நீட்டினார். ஒரு துண்டு ஏற்கெனவே குறைந்திருந்தது.

“பொண்ணு பொறந்துகீதாம். எனக்கும் ஒன்னு எடுத்துக்கச் சொன்னாரு. வேல கேக்க வரலன்னு உன்னாண்ட சொல்லச் சொன்னாரு.”

“நான் இல்லன்னு சொன்னியா?”

“சொன்னேன். சரின்னாரு. ஆனா நீ மேல நின்னுகினு இருந்தத அவரு பாத்துட்டாரு பாய். கட்டுப் போட்ட கையத் தூக்கி ஆட்டினாரு. நீதான் ஆட்டல.”

லியாகத் பெட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே நடந்தான். டேங்க் நிழலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் அவனைப் பார்த்ததும் எழுந்தார்கள். பெட்டியை அவர்களிடமே கொடுத்துவிட்டான். ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டார்கள். தமிழ் கற்றுக்கொண்டு வரும் ஒருத்தன் வாயில் போட்டுக்கொண்டே, “என்ன விசேஷம், ஃபோர்மேன்?” என்று கேட்டான்.

“தெரிஞ்சவங்கோ வூட்ல கொழந்த” என்றான் லியாகத்.