இலையில் ரசம் ஓடட்டும்

போன ஞாயிற்றுக்கிழமை தி.நகரில் ஒரு கல்யாணப் பந்தியில் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறேன். அதுவும் ரசத்துக்காக. கணவர் இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. பேசும்போது பேசட்டும்.

சென்னையில் கல்யாணங்களுக்குப் போகிறவர்களுக்கு நம் பந்தி லட்சணம் தெரியும். நீங்கள் உட்கார்ந்து சாம்பார் சாதத்தைப் பிசைய ஆரம்பிக்கும்போதே உங்கள் நாற்காலிக்குப் பின்னால் ஒருவர் வந்து நின்றுவிடுவார். நாற்காலியின் முதுகில் அவர் கை இருக்கும். இந்த இடம் ரிசர்வ்ட் என்று அர்த்தம். நீங்கள் அப்பளத்தை உடைத்தால் பெருமூச்சு விடுவார். இரண்டாவது தடவை ரசம் கேட்டால் மனதுக்குள் உங்கள் பரம்பரையையே திட்டுவார். நாம் மட்டும் என்ன... போன பந்தியில் இன்னொருவர் முதுகுக்குப் பின்னால் அப்படித்தானே நின்றோம்?

அன்றைக்கு என் பெண் பூரணியின் நாற்காலிக்குப் பின்னால் வேட்டி கட்டிய ஒரு பெரியவர் நின்றார். பக்கத்தில் என் நாற்காலிக்குப் பின்னால் அவர் மனைவி. பூரணிக்கு ஆறு வயது. அவள் இலையில் அப்போதுதான் ரசம் ஊற்றியிருந்தார்கள். அதை அவளே பிசைந்து, அவளே சாப்பிடப் போகிறாள். வாழை இலையில் ரசம் சாதம் அவளுக்கு இதுதான் முதல் தடவை.

இதில் என்ன சண்டை என்கிறீர்களா? இருங்கள், சொல்கிறேன்.

பூரணியைப் பற்றி இந்தப் பக்கத்தில் நான் இதுவரை எழுதியதில்லை. வேண்டுமென்றேதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

தமிழில் ஒரு வார்த்தை மேல் எனக்குத் தீராத கோபம். சமத்து.

பூரணி கைக்குழந்தையாக இருந்தபோதிலிருந்தே சமத்து. வைத்த இடத்தில் இருப்பாள். சோபா மேல் ஏற மாட்டாள், ஊஞ்சலில் தொங்க மாட்டாள். அடையாறில் எங்கள் பிளாட்ஸில் எந்த வீட்டுக்குப் போனாலும் சுவரில் குழந்தை உயரத்துக்குக் கிறுக்கல் இருக்கும். எங்கள் வீட்டுச் சுவர் மட்டும் பெயின்ட் அடித்த அன்றைக்கு இருந்த மாதிரியே இருக்கும். வருகிறவர்கள் எல்லோரும் 'என்ன சமத்து!' என்பார்கள். மயிலாப்பூரில் இருக்கும் என் நாத்தனார் உமா அக்கா வந்தால் கன்னத்தைக் கிள்ளி முத்தம் கொடுப்பார்.

"என் பிள்ளையை இந்த வயசுல கட்டிப்போட்டுட்டுத்தான் சமைப்பேன். இவளைப் பாரு வித்யா, பாய்ல வச்சா பாய்லயே உக்காந்துண்டு இருக்கா. குடுத்து வச்சவ நீ!"

நானும் பூரித்துப்போவேன். ஊட்டினால் வாயைத் திறந்தாள், சட்டை போட்டால் கையை நீட்டினாள். அவளுக்கு ஒரு பட்டன்கூடப் போடத் தெரியாது என்பது யாருக்கும் தெரியாது. தெரிய நாங்கள் எங்கே விட்டோம்?

யூகேஜியில் பிரச்சினை ஆரம்பித்தது. எழுத்துகள் கோட்டில் நிற்கவில்லை. அரை வரி எழுதியதும் தலையை டெஸ்க்கில் சாய்த்துக்கொள்கிறாள் என்று மிஸ் கூப்பிட்டுச் சொன்னார்.

"ஷீ இஸ் வெரி லேஸி, மேடம். தினமும் வீட்ல நாலு பக்கம் எழுத வைங்க. இப்படியே இருந்தா ஃபர்ஸ்ட் ஸ்டாண்டர்டுக்கு அனுப்பறது கஷ்டம்."

அதே குழந்தை, அதே கை. வீட்டில் சமத்து, பள்ளிக்கூடத்தில் சோம்பேறி! இடத்துக்கு இடம் பட்டத்தை மாற்றி மாற்றிக் கொடுக்கிறோமே... அந்தக் கைக்கு என்ன என்று யாராவது கேட்டோமா?

நாலு பக்கம் எழுத வைத்தோம். முதல் பக்கத்திலேயே அழுகை. கடைசியில் ஒருநாள் பென்சிலையே காணோம். வீடெல்லாம் தேடினால், அரிசி டின்னுக்குள் ஆழமாகப் புதைத்து வைத்திருந்தாள். முழங்கை வரை கையை விட்டுத் துழாவித்தான் எடுத்தேன்.

குழந்தைகள் டாக்டர் எங்களை நந்தனத்தில் ஓர் ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடம் அனுப்பினார். "ஆறு வயசுல இவளுக்கு என்ன ஆக்குபேஷன்?" என்று கணவர் கேட்டார். நியாயமான கேள்விதான். தெரபிஸ்ட் பெயர் ரெஜினா. முப்பது வயதுகூட இருக்காது. அவரிடமே கேட்டுவிட்டார் என் கணவர்.

"விளையாடறதுதான் சார் குழந்தையோட வேலை. அந்த வேலைக்கே இவ இன்னும் சேரல" என்றார் ரெஜினா.

பூரணியைக் குப்புறப் படுக்க வைத்து ஒரு பொம்மையைத் தலைக்கு மேலே காட்டினார். அவளால் நெஞ்சைத் தூக்கிப் பார்க்க முடியவில்லை. கம்பியைப் பிடித்துத் தொங்கச் சொன்னார். பிடித்தாள், உடனே விட்டுவிட்டாள். தரையில் உட்காரச் சொன்னால் எதன் மேலாவது சாய்ந்துகொண்டாள்.

"இது சமத்து இல்லக்கா. உடம்பை நிமித்தி வச்சிருக்கவே அவளுக்குத் தெம்பு பத்தல. அதுக்கே அவ்ளோ கஷ்டப்படறா, அப்புறம் எங்க ஓடறது, எங்க எழுதறது? எழுத்து என்ன விரல்லயா ஆரம்பிக்குது? முதுகு நிக்கணும், தோள் நிக்கணும். அதுக்கப்புறம்தான் விரல்."

குழந்தை உட்காருவதற்கே பாடுபட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். நாங்கள் சுற்றி நின்று கைதட்டியிருக்கிறோம். ஆட்டோவில் திரும்பி வரும்போது அழுதேன். வீட்டுக்கு வந்து முகம் கழுவியதும் கோபம் வந்துவிட்டது. அன்றைக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை. போகவும் வேண்டாம்.

அரிசி டின் கதையைச் சொன்னபோது ரெஜினா விழுந்து விழுந்து சிரித்தார். "பாத்தீங்களா, முதல் தெரபியை அவளே கண்டுபிடிச்சிட்டா! அரிசியைத் துழாவறது கைக்கு நல்ல பயிற்சி. இனிமே நீங்க ஒளிச்சு வைங்க, அவ தேடி எடுக்கட்டும். பென்சில் மட்டும் வேண்டாம்."

அடுத்த நாளே பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வீட்டில் இனிமேல் எழுத வைக்க மாட்டேன் என்று சொன்னேன்.

"அப்போ என்ன பண்ணப்போறீங்க மேடம்?"

"மாவு பிசையப் போறோம் மிஸ்."

மிஸ் என்னைப் பார்த்த பார்வையை விவரிக்கப் போவதில்லை.

சப்பாத்தி மாவுக்குள் கொண்டைக்கடலையைப் புதைத்து வைப்பேன். பூரணி பிய்த்துப் பிய்த்துத் தேடுவாள். அரிசிக்குள் அவளுடைய வளையல்கள் ஒளிந்திருக்கும். துணிக்கொடியில் கிளிப் மாட்டுவது அவள் பொறுப்பு. ஒரு கர்சீப்புக்கு அவ்வளவு கிளிப் எதற்கு என்று கேட்கக் கூடாது! பால்கனியில் துளசிக்கும் கற்றாழைக்கும் ஸ்பிரே பாட்டிலால் தண்ணீர். பெசன்ட் நகர் பீச்சில் ஈர மணலைக் கையால் தோண்டிக் கிணறு. அப்புறம் வண்டி விளையாட்டு. என் கணவர் அவளுடைய இரண்டு கால்களையும் பிடித்துத் தூக்கிக்கொள்வார், அவள் கைகளை ஊன்றி ஹால் முழுவதும் நடப்பாள். 'என்ன ஆக்குபேஷன்' என்று கேட்ட அதே மனிதர்தான். ஆபீஸிலிருந்து வந்து சட்டையை மாற்றுவதற்குள் 'வண்டி எங்கே?' என்கிறார் இப்போது.

லிஃப்டில் மேல் வீட்டுப் பெண்மணி ஒருநாள் கேட்டார். "விளையாடறதுக்கா வித்யா, நந்தனம் வரைக்கும் போறீங்க?"

"ஆமாம். நீங்க அபாகஸுக்கு அசோக் நகர் வரைக்கும் போறீங்களே!"

அதற்குப் பிறகு அவர் படியிலேயே இறங்கிப் போகிறார். உடம்புக்கு நல்லதுதான்.

எழுத்து என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். இன்னும் கோணல்தான். தலையை டெஸ்க்கில் சாய்ப்பது குறைந்திருக்கிறது. ஃபர்ஸ்ட் ஸ்டாண்டர்டுக்கு அனுப்புவார்களா? தெரியாது, பள்ளிக்கூடம் இன்னும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் ஹால் சுவரில் ஒரு நீலக் கிறுக்கல் வந்திருக்கிறது. அதை அழிக்க யாராவது துணியோடு வந்தால் கையை உடைப்பேன்.

எல்லாவற்றையும்விடக் கஷ்டமானதை ரெஜினா கடைசியில்தான் சொன்னார். "ஊட்டறதை நிறுத்துங்க. ஸ்பூனும் வேண்டாம். கையால பிசைஞ்சு அவளே சாப்பிடட்டும். இதைவிடப் பெரிய தெரபி என்கிட்ட இல்ல."

நம் வீடுகளில் ஊட்டுவதை நிறுத்துவது என்றால் சும்மாவா? பாசத்தையே நிறுத்திவிட்ட மாதிரி பார்ப்பார்கள். முதலில் தயிர் சாதம், பிறகு சாம்பார் சாதம். பாதி வாய்க்கு, பாதி மேஜைக்கு. இப்போது பரவாயில்லை, ரசம் சாதம் வரை வந்துவிட்டாள். ஆனால் அதெல்லாம் தட்டில். தட்டுக்கு விளிம்பு உண்டு. வாழை இலைக்கு ஏது?

இப்போது பந்திக்கு வருவோம்.

பூரணி சாதத்தைக் குழித்து வைத்தாள். ரசம் ஊற்றினார்கள். ஒரு பக்கம் கரை உடைந்தது. அவசரமாக இடது கையைக் கொண்டுவந்து, ஞாபகம் வந்து எடுத்துக்கொண்டு, வலது கையாலேயே அணை கட்டினாள். அதற்குள் இன்னொரு பக்கம் உடைந்து ரசம் இலையின் நுனிக்கு ஓடியது. ஒரு வாய் எடுத்தாள். முக்கால்வாசி முழங்கை வழியாக வழிந்தது. நாக்கு வரை போனது நாலு பருக்கை. மறுபடியும் பிசைந்தாள்.

பின்னால் நின்ற பெரியவர் குனிந்தார். "இன்னாம்மா, பாப்பா இப்பத்தான் ரசத்துக்கே வந்துகீது. நாங்க பெருங்குடி போவணும். நீ ஊட்டி வுட்டுட்டா சட்டுனு முடிஞ்சிடும்ல?"

நான் பதில் சொல்வதற்குள் உமா அக்கா வந்துவிட்டார். முந்தின பந்தியிலேயே சாப்பிட்டு முடித்தவர்.

"ஐயோ, பட்டுப்பாவாடையெல்லாம் வழிஞ்சுண்டு இருக்கு! நகரு, நான் ஊட்டிடறேன்." குனிந்து, பூரணியின் இலையிலிருந்து ஒரு கவளம் உருட்டி, அவள் வாய்க்கு நேரே கொண்டுபோய்விட்டார். "ஆ காட்டுடி கண்ணா. சமத்தோல்லியோ..."

பூரணி வாயைத் திறந்தாள்.

அவ்வளவு நாள் பழக்கம் இல்லையா? கை அப்படியே இலையில் நின்றுவிட்டது. வாய் மட்டும் திறந்தது. அந்தக் கையைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை... அக்காவின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன்.

"வேண்டாம்க்கா. அவளே சாப்பிடுவா."

"எல்லாரும் எழுந்துக்கப் போறா, வித்யா."

"எழுந்துக்கட்டும்."

"பாவாடை பாழாப் போறதுடி."

"துவைச்சுக்கலாம்."

"என்னடி பிடிவாதம் இது? நாலு பேர் பார்க்கறா. பந்தியில உக்காத்தி வச்சுண்டு குழந்தையை அவமானப்படுத்தறியே, பெத்தவ பண்ற காரியமா?"

"வழிஞ்சா அவமானமாக்கா? அவ கை இருக்கும்போது இன்னொருத்தர் கை வாய்க்கு வரதுதான் அவமானம்!"

குரல் உயர்ந்துவிட்டது. மோர் வாளியோடு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். எதிர் வரிசையில் இருந்த கணவர், ஏற்கெனவே மூடிவிட்ட தன் இலையை மிகவும் ஆர்வமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். உமா அக்காவின் கண் கலங்கியது. நல்ல மனுஷி. என் பெண் மேல் உயிரையே வைத்திருக்கிறார். அதற்காக அந்தக் கவளத்தை உள்ளே விட முடியுமா? முடியாது. அக்கா என் பிடியை உதறிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார்.

பெரியவரிடம் திரும்பினேன். "சார், தப்பா எடுத்துக்காதீங்க. இந்த சீட் காலியாக நேரமாகும். வேற இடம் பாருங்க."

"எங்கம்மா கீது வேற எடம்? ஒவ்வொரு சீட்டுக்கும் பின்னால ஆளு நிக்குது" என்றார். நாற்காலியிலிருந்து கையை மட்டும் எடுத்துக்கொண்டார்.

பூரணி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டாள். பிறகு சாதத்தை ஒரே பக்கமாக இழுத்துக் குவித்தாள். ரசம் ஓடினால் ஓடட்டும் என்று விட்டுவிட்டு, ஊறிய சாதத்தை மட்டும் விரல் நுனியால் ஒதுக்கி எடுத்தாள். அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒரு வாய், இன்னொரு வாய். முழங்கையில் வழிந்ததை நக்கிக்கொண்டாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

பக்கத்து வரிசைகளில் மேஜை பேப்பரைச் சுருட்ட ஆரம்பித்துவிட்டார்கள். அந்தச் சத்தம் வரிசை வரிசையாக எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. இலையின் ஓரத்தில் கொஞ்சம் பருக்கைகள் சிதறியிருந்தன. என்னால் பொறுக்க முடியவில்லை. நைசாக ஒரு விரலை நீட்டி அவற்றை அவள் பக்கம் தள்ளினேன்... அவ்வளவுதான்.

பூரணி என் விரலை ரசக் கையாலேயே தட்டிவிட்டாள்.

"உன் இலையைப் பாரும்மா."

பார்த்தேன். சாம்பார் சாதத்தையே நான் இன்னும் தொடவில்லை. நிதானமாகப் பிசைய ஆரம்பித்தேன். பின்னால் பெருங்குடிக்காரர் தலையில் அடித்துக்கொண்ட சத்தம் எனக்கு நன்றாகவே கேட்டது.