எடை மேடை அக்காவுக்குக் கொடுத்த மெமோ

கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ஃபேக்டரிக்குக் கம்ப்யூட்டர் பார்ட்ஸ் மாட்டப் போனபோதுதான் அந்த அக்காவைப் பார்த்தேன். லாரிகளை எடை போடும் எடை மேடை ரூமில் வேலை. ஒல்லி உடம்பு, யூனிஃபார்ம் கோட்டின் கையை முழங்கை வரை மடித்துவிட்டிருந்தார். எந்த லாரி டிரைவர் ஜன்னலில் தலை நீட்டினாலும், அவன் வாய் திறக்கும் முன்பே, "ரெண்டு நிமிசம்ணா, கோச்சிக்காதண்ணா" என்பார். கம்ப்யூட்டர் அப்படி ஊர்ந்தது. லாரிகள் தேங்கியதற்கு ஆபீசர் சோம்பேறி என்று இவருக்குத்தான் மெமோ கொடுத்திருந்தார். இன்னொன்று வந்தால் வேலை போய்விடும்.

ஸ்கிரீனுக்குள்ளேயே எல்லாம் அடங்கிய ஆல்-இன்-ஒன் அது. கண்ணாடியைப் பெயர்த்தால்தான் உள்ளே கை வைக்க முடியும். அக்கா ஸ்கிரீனைத் தாங்கிப் பிடித்தார்.

"கைய ஆட்டாதக்கா. ஒடஞ்சா உன்னிய உள்ள வச்சி மூடிடுவேன்."

"வாய மூடிக்கினு வேலைய பாருடா."

மெதுவாக ஓடிய பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, வேகமான எஸ்எஸ்டி டிஸ்க் மாட்டினேன், ரேமும் கூட்டினேன். ஸ்விட்சைப் போட்டதும் பளிச்சென்று ஓடியது. குஷியாவார் என்று பார்த்தால் முகம் கடுகடுத்துவிட்டது.

"இவ்ளோதானாடா? இதுக்கா என்னிய சோம்பேறின்னாங்க?"

பழைய டிஸ்க்கைப் பிடுங்கிக்கொண்டு போனார். நானும் பின்னாலேயே ஓடினேன். ஆபீசர் மேஜையில் அதை டங்கென்று வைத்தார்.

"இதான் சார் சோம்பேறி. மெமோவ இதுக்குக் குடுங்க."

ஆபீசர் அவரைப் பார்க்கவே இல்லை. என்னிடம், "புதுசுக்கு வாரண்டி உண்டாப்பா?" என்றார்.

அக்கா நகரவில்லை.

"சார், நான் உங்களாண்டதான் பேசிக்கினு இருக்கேன்."

வாரண்டி இருந்தது. ஆனால் அந்த ஆள் அக்காவுக்குப் பதில் சொல்லும்வரை நானும் பதில் சொல்வதாக இல்லை.