மரைக்குச் சீட்டு விழுந்த வருசம்

கிடைக்காட்டில் சந்தோசப்படுற குலுக்கல் ஒண்டை நான் கனடாவிலதான் கண்டன். ஒவ்வொரு வருசமும் ஜூன் மாதம் அமெரிக்காவில இருந்து ஒரு கடிதம் வரும். இவர் வேலையால வந்து, சப்பாத்தும் கழட்டாமல் அதைப் பிரிச்சுப் பாத்திட்டு, "கிடைக்கேல்லை!" எண்டு பல்லெல்லாம் தெரியச் சொல்லுவார். இவர் எண்டால் என்ர மனுசன். அந்தக் கடிதம், கொலராடோவில எல்க் வேட்டையாட விண்ணப்பிச்சதுக்கு வாற பதில்.

எல்க் எண்டால் பெரிய கொம்பு வைச்ச மான் சாதி. இவர் வன்னியில பிறந்து, தகப்பனோட காடு திரிஞ்ச ஆள். படத்தைப் பாத்திட்டு, "உது எங்கட மரைதான், குளிருக்கு மயிர் கூட வளத்திருக்கு, அவ்வளவுதான்" எண்டார். அண்டையில இருந்து வீட்டில அதுக்கு மரை எண்டுதான் பேர். சுடுறதுக்குத் தாற அனுமதிக்குச் சீட்டு எண்டு பேர்.

உந்தப் பைத்தியத்தை இவருக்குத் தொத்த வைச்சவர் தொழிற்சாலையில இவரோட நிண்ட ஒரு கிழவர். கனடாவின்ர கிழக்குக் கடலில கிடக்கிற நியூஃபவுண்ட்லாந்துத் தீவுக்காரர், மனுசி செத்துப்போச்சு, பிள்ளையள் இல்லை. மரை வேட்டைக்கு அந்த மலைக்கு ஒருக்காப் போக வேணும் எண்டது மட்டும்தான் அவருக்கு உலகத்தில மிச்சம் இருந்த ஆசை. தொண்ணூறுகளின்ர துவக்கத்தில நாங்கள் பார்க்டேலில ஒரு அறைக்குள்ள இருந்த காலத்திலயே ரெண்டு பேரும் சிநேகிதம். நாங்கள் நகரத்தின்ர மற்றத் தொங்கலுக்கு, மல்வேர்னுக்கு வீடு மாறின பிறகும், கிழவர் ஞாயிற்றுக்கிழமையில பஸ் எடுத்து வந்திடுவார். என்ர ஆட்டிறைச்சிக் கறியைத் தின்னுறதும், மூக்கைத் துடைக்கிறதும், திரும்பத் தின்னுறதும். கதை முழுக்க மரைக் கதை.

அவரின்ர இங்கிலீஸ் ஒரு தனி இங்கிலீஸ், தண்ணி ஓடுற மாதிரி ஓடும். நான் இவரைப் பாத்து "என்ன சொல்லுறார்?" எண்டு கேப்பன், இவர் தமிழில சொல்லுவார். ஒரு வருசத்தில எனக்கு எல்லாம் விளங்கத் துவங்கீட்டுது. பேக்கரியில பாண் பொதி பண்ணுற இந்தப் பெட்டைக்கு இங்கிலீஸ் வராது எண்டு ரெண்டு பேரும் நினைச்சுக்கொண்டு இருந்தினம், நானும் அப்பிடியே விட்டிட்டன். "என்ன சொல்லுறார்?" எண்டு இவரைக் கேக்கிற பழக்கம் மட்டும் போகேல்லை.

அந்தக் கண்டறியாத குலுக்கலின்ர சூத்திரம் இப்பவும் எனக்குப் பாடம். உள்ளூர்ச் சனத்துக்கு முதல் பந்தி, எங்களை மாதிரி வெளியாருக்குக் கடைசிப் பந்தி. அதால வெளியாள் கெட்டித்தனமாத் தோக்க வேணும். முதல் தெரிவா, பொயின்ற் இல்லாமல் கிடைக்கவே கிடைக்காத நல்ல இடத்தைப் போட வேணும். தோத்தால் ஒரு பொயின்ற். பொயின்ற் சேரச் சேர வரிசையில முன்னுக்குப் போகலாம். ஆசைப்பட்டுச் சின்ன இடம் ஒண்டை முதல் தெரிவாப் போட்டு வெண்டால், சேத்த பொயின்ற் எல்லாம் ஒரேயடியாப் போச்சு. சீட்டு விழுந்து, போகாமல் விட்டாலும் போச்சுத்தான். "சிற்றிசன்ஷிப் வரட்டும், பிறகு பாப்பம்" எண்டு நான் சொல்ல, கிழவர் விடேல்லை. "பாஸ்போட் வாறதுக்கு முதல் துவங்கு, அது வரேக்க பொயின்றும் வந்திடும்" எண்டார். அந்தக் காலத்தில எங்களுக்கு எல்லா இடத்திலயும் வெளியாள் வரிசைதான். எல்லை தாண்ட ஏலாத மனுசன் எல்லைக்கு அங்கால நிக்கிற மரைக்கு வரிசையில நிண்டார்.

கிழவரிட்ட இவரிலும் பாக்கக் கூடப் பொயின்ற் இருந்தது. அவர் தனிய விண்ணப்பிச்சிருந்தால் எப்பவோ போய் வந்திருக்கலாம். ஆனால் இடையில அவருக்கு நெஞ்சில ஒப்பரேசன். மெல்ல நடக்கலாம், பாரம் தூக்கக் கூடாது எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். மரை எண்டால் மாடு அளவு சாமான். சுட்ட இடத்தில வெட்டி, நாலைஞ்சு தரம் மலையால சுமந்து இறக்க வேணும், இறைச்சியை விட்டிட்டு வந்தால் குற்றம். அதால ரெண்டு பேரும் ஒரு குழுவா விண்ணப்பிச்சினம். குழு எண்டால் ஆருக்குக் குறைஞ்ச பொயின்றோ அதுதான் எல்லாருக்கும் கணக்கு. கிழவர் தான் வருசக்கணக்காச் சேத்ததைத் தூக்கி வைச்சிட்டு, கீழ இறங்கி வந்து இவருக்குப் பக்கத்தில நிண்டார்.

அது எனக்குத் தெரியும். முதலே தெரியும். தெரியாமல் செய்தன் எண்டு சொல்ல எனக்கு வழியில்லை.

பாஸ்போட்டும் வந்த பிறகு, ஒரு ஜூன் மாதம் இவர் கடிதத்தைப் பிரிச்சு ரெண்டு தரம் வாசிச்சார். "என்ன, கிடைக்கேல்லையோ?" எண்டு பழக்கத்தில கேட்டன். "கிடைச்சிட்டுது" எண்டார். ரெண்டு பேருக்கும் சீட்டு, ஒக்ரோபரில. கிழவர் ரெலிபோனில கத்தின சத்தம் அடுப்படி வரைக்கும் கேட்டது. அடுத்த வருசம் அவருக்கு ஓய்வு. இனித் திரும்பப் பொயின்ற் சேர்க்க வயசும் இல்லை, நெஞ்சும் இல்லை. "சாகிறதுக்கு முதல் விழுந்திட்டுது" எண்டு சொல்லிச் சொல்லிச் சிரிச்சாராம்.

அந்த மாதம் முடியேக்கதான் நான் முழுகாமல் இருக்கிறன் எண்டு தெரிஞ்சது.

எங்களுக்குக் கலியாணம் முடிஞ்சு கனகாலம். அதுக்கு முதல் ரெண்டு தரம் வயித்தில வந்து, ரெண்டு தரமும் மூண்டு மாதம் தாண்டேல்லை. ரெண்டாம் தரம் பேக்கரியில வேலையில நிக்கேக்கதான் நடந்தது. அதைப் பற்றி நான் எழுதமாட்டன்.

மனுசி பிள்ளை வயித்தோட இருக்கேக்க புருசன் உயிர்க்கொலை செய்யக் கூடாது. பாம்பைக் கூட அடிக்காயினம் எங்கட ஆக்கள். உதை நம்புறியோ எண்டு அதுக்கு முதல் ஆரும் கேட்டிருந்தால், "உதென்ன பேய்க்கதை" எண்டு சொல்லியிருப்பன். வயித்தில ஒண்டு இருந்தால் நம்பிக்கை வேற, பயம் வேற. எனக்கு நம்பிக்கை வரேல்லை, பயம் வந்தது. இவர் அடுப்படியில ஒரு கரப்பானை மிதிக்கப் போனதுக்கே காலைப் பிடிச்சு இழுத்த பேய் நான்.

"மரைக்குப் போக வேண்டாம்" எண்டன்.

இவர் ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லேல்லை. சண்டை பிடிச்சிருந்தால் எனக்கும் மனம் ஆறியிருக்கும். "ஓம், போகேல்லை" எண்டிட்டுக் குப்பையைக் கட்டிக்கொண்டு வெளியில போனார். கனநேரம் உள்ளுக்கு வரேல்லை.

"கிழவருக்கு என்ன சொல்லுறது?" எண்டு வந்து கேட்டார்.

"உதை மட்டும் சொல்லிப்போடாதேங்கோ. வெள்ளைக்காரன் சிரிப்பான். காட்டுச் சனம் எண்டு நினைப்பான்."

கடைசியில, மனுசிக்குச் சுகமில்லை, தனிய விட ஏலாது எண்டு சொன்னார். பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. கிழவர் ஒரு கேள்வி கேக்கேல்லையாம். அடுத்த ஞாயிறு ஒரு பெட்டி தோடம்பழத்தோட வந்து, கதவடியில வைச்சிட்டு, "அவவைப் படுக்கச் சொல்லு" எண்டிட்டுப் போட்டார். நான் படுக்கேல்லை. மேல யன்னலால அவர் பஸ் தரிப்பில நிக்கிறதைப் பாத்துக்கொண்டு நிண்டன். சீ, என்ன பிறவி நான் எண்டு இருந்தது.

ஓகஸ்ட்டில ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கேக்க இவர் மெல்லத் துவங்கினார். "இஞ்சேரும், நான் சும்மா அவரோட கூடப் போய்..."

"சும்மாவோ? சும்மா போறதுக்கு உங்களுக்கு விசரே? என்ர பிள்ளையைவிட உங்களுக்கு மரை பெரிசாப் போச்சோ?" அழுதும் விட்டன். பாத்திரம் ஒண்டையும் தூக்கிப் போட்டன் எண்டு நினைவு. இவர் குழைச்ச சோத்தைத் தின்னாமல் கை கழுவினார். அதுக்குப் பிறகு அந்தக் கதையை எடுக்கேல்லை.

ஒக்ரோபர் வந்தது. எனக்கு வயிறு தெரியத் துவங்கீட்டுது, பிள்ளை உள்ளுக்கு உதைக்குது. சந்தோசப்பட வேண்டிய நேரம், நான் கலண்டரைப் பாத்துப் பாத்துக் கள்ளி மாதிரித் திரிஞ்சன். வேட்டை துவங்கிற நாள் கிழவர் லீவு எடுக்காமல் வேலைக்கு வந்தவராம். சாப்பாட்டு நேரம் இவரும் அவரும் ஒரே மேசையில இருந்து, ஹொக்கியைப் பற்றிக் கதைச்சினமாம். "கோவிச்சவரோ?" எண்டு கேட்டன். "இல்லை" எண்டார் இவர். எனக்குக் கோவிச்சிருந்தால் நல்லா இருந்திருக்கும்.

மாசியில பெட்டைப்பிள்ளை பிறந்தாள். குறையொண்டும் இல்லை, தொண்டை மட்டும் ஊரைக் கூட்டும். கைக்குள்ள அவளை வைச்சுக்கொண்டு நான் யோசிச்சன், திரும்ப அந்த ஜூன் வந்தாலும் போக வேண்டாம் எண்டுதான் சொல்லுவன் எண்டு. மனம் வருந்தினால் மன்னிப்புக் கேக்கலாம். நான் கிழவரை நினைச்சு வெந்தன், ஆனால் செய்ததை மாத்த மனமில்லை. உப்பிடியான ஆள் ஆரிட்ட மன்னிப்புக் கேக்கிறது?

பிள்ளையைப் பாக்கக் கிழவர் பனிக்குள்ளால வந்தார். அதுக்குள்ள வேலையை விட்டிட்டார், நியூஃபவுண்ட்லாந்துக்குத் தங்கச்சியிட்டப் போகப் போறாராம். ஆள் மெலிஞ்சு போனார். தானே மரத்தில செதுக்கின ஒரு குட்டி மரையைப் பிள்ளைக்குக் கொண்டு வந்தார். கொம்பு இல்லை. பிள்ளையின்ர கண்ணில குத்தும் எண்டு வைக்கேல்லையாம். அதைக் கையில வாங்கினவுடன எனக்குப் பொறுக்கேல்லை. இவர் தேத்தண்ணி ஊத்த அடுப்படிக்குப் போன நேரம், எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஸில எல்லாத்தையும் கொட்டிவிட்டன். எங்கட வழக்கம் இது, கொலை கூடாது, ரெண்டு பிள்ளை போனது, நான்தான் மறிச்சன், இவரில பிழை இல்லை. சொல்லிப்போட்டு அவர் சிரிப்பார் எண்டு பாத்துக்கொண்டு இருந்தன்.

கிழவர் சிரிக்கேல்லை. தலையை ஆட்டினார். "எங்கட தகப்பன் மீன்பிடிக்கிற ஆள். வள்ளத்தில பன்றி எண்ட சொல்லையே வாயில எடுக்க விடமாட்டார். சொன்னால் அண்டைக்குக் கடலுக்குப் போகமாட்டார்" எண்டார். எனக்கு அவ்வளவு இலேசாப் போச்சு. அட, இவ்வளவுதானோ, இதுக்கோ இவ்வளவு நாளும் செத்தன் எண்டு நினைச்சன்.

இவர் தேத்தண்ணியோட வந்து நிண்டார். கிழவர் பிள்ளையை மடியில வைச்சு ஆட்டிக்கொண்டு, இவரைப் பாத்து, குற்றம் சொல்லுற மாதிரி இல்லாமல், சும்மா ஒரு கதை மாதிரிச் சொன்னார். "எனக்குச் சொல்லியிருக்கலாமே, பெடியா. நீ சுடத் தேவையில்லை. நான் சுட்டிருப்பன். எனக்கு உன்ர துவக்குத் தேவைப்படேல்லை. உன்ர முதுகுதான் தேவைப்பட்டது."

ஓகஸ்ட்டில நான் அரைவாசியில வெட்டின இவரின்ர கதை அப்பதான் முழுசா வந்து என்ர காதில விழுந்தது. "நான் சும்மா அவரோட கூடப் போய், சுமந்து குடுத்திட்டு வாறன்." அதுதான் சொல்ல வந்தவர். சுடாமலே கூடப் போகலாம் எண்டு இவருக்கு முதலே தெரியும். இவ்வளவு மாதமும் வாயைத் திறக்கேல்லை. இவர் தேத்தண்ணியை மேசையில வைச்சார். என்னைப் பாத்தார்.

"என்ன சொல்லுறார்?" எண்டு கேட்டன்.

"பிள்ளை உம்மை மாதிரி வடிவாம்" எண்டார் இவர்.

நான் கிழவரைப் பாத்து, "தாங்க்யூ" எண்டன்.